ஒரு நாள் விட்டு ஒரு நாள்

முனிரத்தினம் இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஒருவர். பட்டணத்திலிருந்து காலை வண்டியில் வந்து இறங்கியவர், மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே மலையடிவாரத்தில் என் சந்தனக் கடை முன்னால் நின்று, "உங்க கூட்டாளி, காலேஜ் வாத்தியாரு, போய்ட்டாராமே. விஷ ஜுரமாம். தெரியாதுங்களா?" என்றார். தெரியாது என்றேன். அப்போதுதான் முடி இறக்கிய பக்தர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சந்தனத்துக்குக் காத்திருந்தார். அவருக்குப் பூசி அனுப்பிய பிறகே உட்கார்ந்தேன். அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்க இனி ஆள் இல்லையே என்ற கோபம்.

சத்திரத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நான் ஏன் பேசவில்லை என்று உங்களில் பலர் கேட்டீர்கள். பேசாவிட்டால் போகட்டும், அவனோடு கல்லூரியில் படித்தவன் இந்த ஊரில் நீ ஒருவன்தானே, நினைவு மலருக்காவது எழுதிக் கொடு என்றீர்கள். எழுதுகிறேன். போனவனைப் பற்றி இனிப்பாகவே எழுதுகிற ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் பட்டணத்தில் இன்டர்மீடியட் படித்தோம். முதல் வருஷம் ஆளுக்கொரு உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். இரண்டாம் வருஷம், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் அந்த வீடுகள் இரண்டையும் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். திருத்தணியிலிருந்தே ரயிலில் போய் வர வேண்டும். அதற்குச் சம்பாதிக்கவும் வேண்டும். ஊரில் இருந்ததோ ஒரே ஒரு வேலை: ராஜம்மாவின் கடையில் சந்தனம் அரைக்கிற வேலை. ஒரு நாள் நான் அரைக்கிறேன், நீ கல்லூரிக்குப் போ, மறுநாள் நீ அரை, நான் போகிறேன் என்று முனிரத்தினம்தான் யோசனை சொன்னான். பயந்துகொண்டே ராஜம்மாவிடம் கேட்டோம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "கல்லு ஒண்ணு, ஆளு ஒண்ணு. இன்னிக்கி எந்தக் கைன்னு எனக்கு இன்னாத்துக்கு? சந்தனம் நைஸா இருக்கணும், அவ்ளோதான்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

என் தகப்பனார் திருவாலங்காட்டில் அடுத்தவர் கரும்புக் கொல்லையில் கூலிக்கு வெட்டியவர். என்னைக் கல்லூரிக்கு அனுப்பும்போது ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "ரெண்டு வருஷம் போய்க்கோ நைனா. மூணாவது வருஷம் மட்டும் கேக்காதே." இதை முனிரத்தினத்திடம் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைக்கு மேலேயே.

ரயிலுக்கு ஒரே சீசன் டிக்கெட், அவன் பெயரில். ஆகையால் வண்டி ஏறியதும் நான் முனிரத்தினம். ஒரு நாள் அரக்கோணத்தில் ஏறிய பரிசோதகர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "முனிரத்தினம், உங்க நைனா பேரு இன்னா?" என்று கேட்டுவிட்டார். தயங்காமல் அவன் தகப்பனார் பெயரைச் சொன்னேன். சாயங்காலம் கடைக்கு வந்து சொன்னதும் முனிரத்தினம் அரைப்பதை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க நைனாவுக்கு ரெண்டு புள்ளைன்னு ஊர்ல சொல்லிடப் போறாங்க" என்றான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும், அதை மறைப்பானேன்.

அவன் பாடம் சொல்கிற அழகையும் சொல்லாமல் விடக் கூடாது. அவன் கல்லூரிக்குப் போன நாட்களில், சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கி நேரே கடைக்கு வருவான். கல்லுக்கு அந்தப் பக்கம் குந்திக்கொண்டு அன்றைய வகுப்பு முழுவதையும் எனக்குச் சொல்வான். தர்க்க சாஸ்திரத்துக்கு மொட்டைத் தலைகளையே உதாரணம் காட்டுவான். "மலையேறினவன் எல்லாம் மொட்டை போடலே. ஆனா மொட்டை போட்டவன் எல்லாம் நம்ம கடைக்கு வந்துதான் ஆகணும். புரிஞ்சுதா?" என்பான். புரியும். புத்தகத்தைப் படித்தபோது புரியாததெல்லாம் அவன் வாயால் கேட்டால் புரியும். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே மாணாக்கன்டா" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். எழுந்து போகும்போது கடைசியாக, "உன் பேருக்கும் சொல்லிட்டேன்டா" என்பான்.

அதுதான் எங்கள் ஒப்பந்தத்தின் உயிர். வகுப்பில் பெயர் கூப்பிடுவார்கள். போதுமான வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்கு விட மாட்டார்கள். ஆகவே போகிறவன் இருவர் பெயருக்கும் "பிரசென்ட் சார்" சொல்ல வேண்டும். என் முறை வரும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, என் பெயருக்கு என் குரலிலும், முனிரத்தினம் பெயருக்கு ஜலதோஷம் பிடித்த குரலிலும் சொல்வேன். தலையை நிமிர்த்தினால் மாட்டிக்கொள்வேன் என்று புத்தகத்திலேயே குனிந்திருப்பேன். ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

வருஷக் கடைசியில், பரீட்சைக்கு அனுமதியில்லாதவர்களின் பெயர்களைப் பலகையில் ஒட்டினார்கள். அன்று என் முறை. அதில் என் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. ஏதோ தவறு என்று ஆபீசுக்கு ஓடினேன். குமாஸ்தா பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, வேண்டுதலா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒழுங்கா ஆப்சென்ட் ஆயிருக்கியே" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் அவன் பெயரும் பலகையில் ஏறியிருக்கும். திறக்கவில்லை. வண்டியில் வரும்போது, அவன் பெயர் போட்ட சீசன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கடையில் அவன் அரைத்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"ஒரு நாளாவது சொன்னியாடா?" என்று கேட்டேன்.

"மொத நாளு சொல்லலாம்னு எழுந்தேன்டா. ப்ரொபசர் நிமிர்ந்து பாத்தாரு. வாய் வரலே."

"அப்புறம்?"

"அப்புறம் நாளைக்கி சொல்லிக்கலாம், நாளைக்கி சொல்லிக்கலாம்னே இருந்துட்டேன்."

"என்கிட்ட தெனமும் சொல்லிட்டேன் சொல்லிட்டேன்னு சொல்லிகினு இருந்தியே."

அவன் கல்லில் இருந்த சந்தனத்தை வழித்துக் கிண்ணத்தில் போட்டான். "நான் போய் பிரின்சிபால்கிட்ட உள்ளதைச் சொல்லிடட்டா?" என்றான்.

"சொல்லு" என்றேன்.

அவன் போகவில்லை. பரீட்சை எழுதினான், நல்ல வகுப்பில் தேறினான். நான் அப்பாவிடம் மூன்றாவது வருஷம் கேட்கவில்லை. இரண்டு ஆள் செய்த வேலையை ஒரே ஆளாகச் செய்ய ஆரம்பித்தேன். ராஜம்மா படுத்த பிறகு கடை என் கைக்கு வந்தது.

தேறினால் தணிகை முருகனுக்கு முடி கொடுப்பதாக அவன் வேண்டிக்கொண்டிருந்தான். முடி இறக்கிவிட்டு, ஊரில் எத்தனையோ சந்தனக் கடை இருக்க, நான் இருந்த கடைக்கே வந்து உட்கார்ந்து தலையை நீட்டினான். பூசினேன். "மெதுவா தேய்டா, கத்தி பட்ட இடம் எரியுது" என்றான். எரியட்டும் என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவன் கேட்கவில்லை. பூசி முடித்ததும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விட்டான்.

கூட்டத்துக்குப் பட்டணத்திலிருந்து அவனுடைய மாணவர்கள் வந்திருந்தார்கள். ஒரு பையன் கண்ணீரோடு பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். "எங்க சார் பேரே கூப்பிட மாட்டாருங்க. வேலை செஞ்சுகினு படிக்கிறவங்க கீறாங்க, வரலைன்னா காரணம் இருக்கும்னு சொல்லி எல்லாருக்கும் பிரசென்ட் போட்டுடுவாருங்க" என்றான். எல்லோரும் நெகிழ்ந்துபோனீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் என் காதோரம், "உனக்குச் செஞ்சதுக்குப் பரிகாரம்பா அது" என்றார். இருக்கலாம். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தானே, எனக்கு ஒரு நாள் வாயைத் திறந்தானா? பரிகாரத்தைப் பாதிக்கப்பட்டவன் வீட்டு வாசலில் அல்லவா செய்ய வேண்டும்? திருத்தணி என்ன, காசியா?

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை சொற்பம். மொட்டைத் தலை தர்க்கம் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சிரிப்பு. பிறகு, அவன் பெயர் காதில் விழுந்தாலே எழுந்துகொள்கிற என் நாக்கு. அதை நான் அன்றுதான் கண்டுகொண்டேன். கூட்ட முடிவில் தலைவர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, அவன் முழுப் பெயரையும் உரக்கப் படித்துவிட்டு நிறுத்தினார். நான் வாயைத் திறந்துவிட்டேன். "பிரசென்ட் சார்" என்று சொல்ல ஜலதோஷக் குரல் தானாக வந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். முனிரத்தினத்தின் பெயரைக் கூப்பிட்டு நான் பதில் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.