கிற்றார்க்காரர் விடும் பிழை

ஊர்காவற்றுறைப் பக்கத்து மாதா கோயில் ஒன்றில் கிற்றார் வாசிக்கிறவர் அவர். தொழில் மீன்பிடி. வாசிக்க முன் விரல்களை மோந்து பார்ப்பார். மீன் வாடை இருந்தால் திரும்பப் போய்க் கழுவிக்கொண்டு வருவார். அந்த வருடத் திருநாளில் மாதாவின் சிலையை, எங்கள் பேச்சில் சுருவத்தை, தோளில் தூக்கும் முறை அவருடையது. அதனால் தன் வாசிப்பை முன்கூட்டியே பதிவு செய்ய, வேலணையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்.

கிற்றாரை யூ.எஸ்.பி. வயரால் நேரே கணினியில் இணைத்தேன். இப்படி எடுத்தால் வெறும் கம்பிச் சத்தம் மட்டும் பதிவாகும். அம்பிளிபயரின் முழக்கத்தைப் பிறகு ஆறுதலாகச் சேர்க்கலாம். போட்டுக் காட்டியதும் முகத்தைச் சுளித்தார்.

"உடுப்பில்லாமல் நிக்கிற மாதிரிக் கிடக்கு, தம்பி."

பல்லவிக்குச் சற்று முன்னால் ஒரு கம்பி பிசகி அதிர்வது அந்த வெறும் சத்தத்தில் பளிச்சென்று கேட்டது.

"அண்ணை, இந்தப் பிழையைத் திருத்திவிடட்டே?"

"அதைத் தொடாதையும். இருபது வருசமா அந்த இடத்திலை பிழை விடுறனான். அதைக் கேட்டுத்தான் பாடுற ஆக்கள் தொடங்குறவை."

பகிடி என்று நினைத்தேன். அவர் போனதும் அந்த அதிர்வை வெட்டிவிட்டு, அழகான முழக்கமும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.

திருநாளன்று கோயிலில் என் பதிவு ஒலித்தது. பல்லவி வரவேண்டிய இடம் வந்து, கடந்தும் போனது. பாடகர் குழு வாயைத் திறக்கவில்லை. சுருவத்தின் கீழே, அதைச் சுமக்கும் தடி தோளில் அழுத்த நின்ற அவர் தன் வாயாலேயே "டொய்ங்" என்றார்.

முழுக் குழுவும் பாடத் தொடங்கியது. சுருவம் அசையக்கூட இல்லை.

என்னை அவர் ஏன் ஒரு வார்த்தைகூட ஏசவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.