கன்னியம்மாள் கொண்டுவந்த குழம்பு

எழுபதுகளில், திருவள்ளூர் கோயில் தெருவை விட்டு, கணவரின் பேக்டரிக்குப் பக்கத்து லைன் வீட்டுக்குக் குடிபோனோம். பேச ஆளில்லாமல் அலுத்துப்போய், ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கம்பக்கத்துப் பெண்களை, ஆளுக்கொன்று சமைத்து எடுத்துவரச் சொல்லி அழைத்தேன்.

பிறர் சமைத்ததைச் சாப்பிடாத எங்கள் வழக்கம், கூப்பிடும்போது பெரிதாகத் தெரியவில்லை. இலை போட்டதும் மனசு ஒப்பவில்லை. "இன்னிக்கு எனக்கு ஏகாதசி" என்று சொல்லிவிட்டு, பசியோடு எல்லாருக்கும் பரிமாறினேன்.

கிளம்பும்போது, கத்திரிக்காய்க் குழம்பு கொண்டுவந்த கன்னியம்மாள் மட்டும் சமையற்கட்டுக்குள் வந்தாள்.

"ஏகாதசி முந்தாநேத்தே பூட்ச்சி மாமி. எங்க ஊட்லயும் காலண்டர் கீது," என்றாள் மெதுவாக. "அவங்களாண்ட சொல்லல. இன்னாத்துக்குப் பட்டினி? பால் வாங்கியாறேன், காய்ச்சிக் குடிங்க."

"வேண்டாம்" என்றேன்.

எல்லாரும் போனபின் அடுப்பு மூட்டத் தெம்பில்லை. அவள் குழம்பை மிச்சச் சோற்றில் பிசைந்து, நின்றபடியே சாப்பிட்டேன். பாத்திரத்தையும் வழித்தேன்.

மறுநாள் அதைத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தபோது, "மிச்சத்தை மாட்டுக்கு வெச்சுட்டேன்" என்றேன்.

"போவட்டும் மாமி. அதுவாச்சும் துன்னுச்சே."

குழம்பு ரொம்ப நன்றாக இருந்தது. அதை அவளிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.