பட்டியலில் இல்லாத சுவர்

வடிகால் வாரியத்தில் அவளுக்குச் 'சுவரக்கா' என்று பெயர். கால்வாயின் ஒரு பகுதிக்கு அவள்தான் பொறியாளர். வருடாந்திர வேலைப் பட்டியல் கேட்கும்போதெல்லாம், கீழ்த்தெருவுக்கு மேலே நிற்கும் கரைச்சுவரை முதல் வேலையாக எழுதிக் கொடுப்பாள். கோட்ட அலுவலகத்தில் அது நடுவுக்கு இறங்கும். நிதி அதிகாரி கைவைத்ததும் காணாமலே போய்விடும். "என்ன சுவரக்கா, இந்த வருஷமாவது உங்க சுவத்துக்கு விடிவுகாலம் வருமா?" என்று கூட வேலை செய்பவர்கள் சீண்டுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

இந்த முறை சிரிப்பு வரவில்லை. கோடை முழுக்கச் சுவரின் அடியில் ஈரம் காயவே இல்லை. வெடிப்புக்குள் உள்ளங்கை நுழைந்தது. நடுப்பகுதி தெருப்பக்கமாக வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அதற்கு நேர் கீழேதான் அவளுடைய அக்கா வீடு.

ஒப்புதல் கூட்டத்தன்று தலைமைப் பொறியாளர் அவளை வராந்தாவில் நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை, தூக்கமில்லாத முகம்.

"ஆஸ்பத்திரிப் பக்கம் பெரிய வடிகால் அடைச்சுக் கிடக்கும்மா. ரெண்டையும் செய்யப் பணமில்ல. சுவரைப் பத்தி யாராவது கேட்டா, இந்த மழைக்குத் தாங்கும்னு சொல்லிடுங்க. பேச்சு வளர்ந்தா மொத்தப் பட்டியலும் திரும்பிப் போயிடும். அப்புறம் மழைக்கு முன்னாடி எங்கயும் ஒரு கல்லுகூட நகராது."

கூட்டத்தில் வாரிய உறுப்பினர்கள் தங்கள் பகுதி வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தேநீரில் இறங்கினார்கள். கீழ்த்தெரு உறுப்பினர் மட்டும், "எங்க சுவரு என்னாச்சு?" என்றார். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"இந்த மழைக்குத் தாங்கும்னு நினைக்கிறேன்."

செயலாளர் தீர்மானத்தை வாசித்தார்: "பொறியாளர் உறுதியளித்ததன் பேரில், கரைச்சுவர்ப் பணி அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது." நான் உறுதியா சொல்லலையே என்று அவள் வாயெடுப்பதற்குள் மேசைகள் தட்டப்பட்டன. நிறைவேறிவிட்டது.

மறுநாள் மாலை அக்கா வீட்டுக்குப் போனாள். கொல்லையில், சுவரை ஒட்டி, அக்காவின் கணவர் புது அறைக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது?"

"நீதான் ஒண்ணும் ஆகாதுன்னுட்டியாமே! உறுப்பினர் தெரு பூராச் சொல்லிட்டுப் போனாரு. இத்தனை நாளா இழுத்துக்கிட்டே இருந்த வேலை. இன்னைக்குத் துணிஞ்சு ஆரம்பிச்சுட்டேன்."

அக்காவை உள்ளே இழுத்துப் போய், "மழை முடியிற வரைக்கும் எல்லாரும் என் வீட்டுக்கு வந்துடுங்கக்கா" என்றாள்.

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். "அப்ப அங்க சொன்னது பொய்யாடி?"

அவள் பரணிலிருந்த பெட்டியைக் கீழே இறக்கினாள்.

"சரி, நாங்க வந்துடறோம். பக்கத்து வீட்டுக்காரிக்கு யாரு சொல்றது?"

அன்றே வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் மூட்டை கட்டினார்கள். சிலர், "நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா?" என்று கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "எங்களைக் கிளப்பிட்டு இடத்தை வளைச்சுப் போடப் பாக்குறீங்களா?"

விஷயம் வாரியத்துக்குப் போனது. பீதியைக் கிளப்பினாள் என்று அவளைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். குழாய்களுக்கும் சிமென்ட் மூட்டைகளுக்கும் நடுவே உட்கார்ந்து, தகரக் கூரையில் சின்னச் சத்தம் கேட்டாலும் வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்த்தாள்.

மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில் சுவரடியில் நின்றாள். அதுவரை தெளிவாகக் கசிந்த தண்ணீர் கலங்கலாக வந்தது. உள்ளே மண் கரைகிறது. குடையை எறிந்துவிட்டு ஓடினாள். கதவுகளைக் கையாலும் காலாலும் இடித்தாள். தலைமைப் பொறியாளருக்குப் போன் போட்டாள். அவர் மறுபேச்சுப் பேசாமல் லாரியோடு வந்தார்.

முழங்கால் தண்ணீரில் குழந்தைகளும் பாத்திரங்களுமாகத் தெரு காலியானது. பக்கத்து வீட்டுக்காரி பாதி வழியில் நின்று அலறினாள். "ஐயோ, அவரு ராத்திரி வேலை பாத்துட்டு வந்து தூங்குறாரே!"

அவள் வீட்டிலிருந்து உதவிக்கு வந்திருந்த மாமா அந்த வீட்டை நோக்கித் திரும்பி ஓடினார். அவர் வாசலை எட்டுவதற்குள் சுவர் மெல்லக் குனிந்து வீடுகளின்மேல் படுத்தது.

தூங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரை உயிரோடுதான் எடுத்தார்கள். ஒரு கால் போய்விட்டது. புதுச் சுவருக்கு அவசர நிதி அந்த வாரமே வந்தது. அதற்குக் கூட்டம்கூடத் தேவைப்படவில்லை. அவளையும் பழைய இடத்துக்கே அழைத்துக்கொண்டார்கள். அக்கா முன்புபோல் பேசுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி எதிரில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இப்போது எந்தத் தெருவில் அவள் அளவுநாடாவைப் பிரித்தாலும் ஜன்னல்கள் திறக்கின்றன. போன வாரம் எதிர்க்கரையில் ஒரு பெண் வாசலுக்கு வந்து, "ஏம்மா, எங்களுக்கும் ஏதாவதா?" என்றாள். அவள் பதில் சொல்லுமுன்பே அந்தப் பெண் உள்ளே திரும்பி, பிள்ளைகளின் துணிகளைக் கொடியிலிருந்து உருவத் தொடங்கியிருந்தாள்.