பாண்டீஸ்வரன் கட்டிய பித்தளைப் பட்டை

என் அக்கா புருஷன் பாண்டீஸ்வரனுக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது. சந்தேகம் இருந்தால் அவரையே கேளுங்கள், சொல்வார். போர் போடுகிற இடத்தில் நின்றால் தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டருக்கே மாத்திரை பெயர் எடுத்துக் கொடுப்பார். துபாயில் கொஞ்ச காலம் லிஃப்ட் துடைத்துவிட்டு வந்தவர், அந்தக் கட்டடத்தையே தான் கட்டியதுபோல இன்றைக்கும் பேசுகிறார். திரும்பி வந்து கேபிள் டிவி எடுத்து நடத்தினார், கோழிப்பண்ணை வைத்தார். இரண்டும் ஊற்றிக்கொண்டது. கோழிகள் செத்ததற்குக்கூடக் கோழிகள்தான் காரணமாம். இந்த வாய்க்கு யாராவது கூலி கொடுத்திருந்தால் இந்நேரம் காரைக்குடியில் பாதி அவர் பெயரில் இருந்திருக்கும்.

இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டு என் அக்கா புஷ்பவள்ளி ஏறி இறங்காத வாடகை வீடு இல்லை. கடைசியாகக் கோட்டையூரில் உடையப்பச் செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. செட்டியார் குடும்பம் மலேசியாவில் இருக்கிறது. பெரிய வீட்டின் பின்பக்கம் இவர்களுக்கு ஓர் ஓட்டு வீடு, தனிக் குழாய், முருங்கை மரம். எலி வளையானாலும் தனி வளை என்று அக்கா அதைக் கழுவிக் கழுவிக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள். வீட்டு வேலை முழுக்க அவள் பார்த்தாள். மேனேஜர் என்று சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு திரிந்தது இவர்.

செட்டியாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. பேரப்பிள்ளைகளுக்காகத் தோட்டத்தில் நீச்சல் குளம் வெட்டினார். தண்ணீரைச் சுற்றி ஓட்டிச் சுத்தம் பண்ண பம்பு வேண்டும். அதை வாங்கும் பொறுப்பை, நாட்டில் வேறு ஆளே இல்லாததுபோல, பாண்டீஸ்வரனிடம் விட்டார். நான் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? ஊட்டியில் மூடிக்கிடந்த ஒரு ஓட்டலுக்கு நேராகப் போய், ஒரு பழைய வெளிநாட்டு பம்பை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

தண்ணீரை விட்டு சுவிட்சைப் போட்டதும் பம்பு பக்கவாட்டில் பீய்ச்சி அடித்தது. மேனேஜரின் பேனா வரைக்கும் நனைந்தது. அப்புறம்தான் எனக்கு போன் வந்தது.

"மாப்ள, செத்த இங்குட்டு வந்துட்டுப் போ. லாரிக்காரப் பய பம்பைப் போட்டு உடைச்சுப்புட்டான்."

போய்ப் பார்த்தேன். பம்பு தள்ளிவிடும் தண்ணீரிலிருந்து குப்பையை வடிகட்டுகிற வார்ப்பிரும்புக் குடுவை ஒன்று இருக்கும், குடத்துக்கு இருப்பதுபோல வயிறு வைத்து. அது மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. கீழே விழுந்து உடைந்தால் இப்படி வெளிப்பக்கமாக விரியாது.

"மச்சான், இது விழுந்து உடையல. ஊட்டியில பனி உறையும்ல, உள்ள கெடந்த தண்ணி கட்டியாகி வீங்கிப் பிளந்துருக்கு. வாங்கும்போது பார்க்கலையா நீக?"

"தண்ணி இரும்பைப் பிளக்குமா? யாருகிட்ட கதை விடுற?"

"ஃப்ரீசர்ல கண்ணாடி பாட்டில்ல தண்ணிய ஊத்தி வச்சுப் பாருங்க, தெரியும்."

"பாட்டில் வேற, இரும்பு வேற மாப்ள. நான் துபாய்ல பார்க்காத பம்பா?"

துபாயில் எங்கே ஐயா பனி உறைகிறது? கேட்டால் அதற்கும் ஒரு கதை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் லாரி டிரைவரை போனில் பிடித்து, அவன் பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்துத் திட்டினார். அவனும் பதிலுக்கு வஞ்சகமில்லாமல் திட்டினான்.

மாற்றுக் குடுவைக்கு மதுரை வரை விசாரித்தேன். அந்தக் கம்பெனியையே இழுத்து மூடி வெகுகாலம் ஆகிவிட்டதாம். வெல்டிங் வைத்தால் சூட்டில் பக்கத்திலேயே இன்னொரு கீறல் விடும். இதற்குள் மச்சான் பசையைக் குழைத்து அப்பினார், அதன்மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். சுவிட்சைப் போட்டதும் டியூப் பறந்து போய் முருங்கை மரத்தில் தொங்கியது. அன்றைக்கே மலேசியாவிலிருந்து செட்டியார் பேசினார்.

"பிள்ளைங்க வந்து எறங்கறப்ப கொளத்துல தண்ணி ஓடணும் பாண்டி. ஓடலையின்னா ஒன் சட்டிபானையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிரு."

பக்கத்தில் நின்ற அக்காவுக்கு இது கேட்டது. அவள் ஓட்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்காகத்தான் வழி சொன்னேன். பிளவின் மேல் ரப்பர் தகடு வைத்து, குடுவை வயிற்றைச் சுற்றிக் கனமான பட்டை ஒன்றைப் போட்டு, போல்ட்டால் இறுக்க வேண்டும். குடுவையின் வளைவும் பட்டையின் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். லேத்துப் பட்டறையில் கேட்டால், வேலை குவிந்து கிடக்கிறது, அறுபதாம் கல்யாணத்துக்குள் முடியாது என்றார்கள்.

"நான் பார்த்துக்கிறேன் மாப்ள" என்றார் மச்சான்.

பார்த்துக்கொண்டார். அடுத்த தடவை நான் போனபோது குளத்தில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. குடுவையைச் சுற்றித் தடித்த பித்தளைப் பட்டை, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

"ஏது மச்சான் தகடு?"

"பழைய சாமான் கடையில கெடந்துச்சு. கண்ணு வேணும் மாப்ள, கண்ணு."

செட்டியார் குடும்பம் வந்து இறங்கியது. குழந்தைகள் பெட்டியைக்கூட வைக்காமல் குளத்தில் குதித்தார்கள். செட்டியார் மச்சானின் தோளில் தட்டினார். அக்கா முகத்தில் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு தெளிச்சி வந்தது. அது அடுத்த நாள் காலை வரைதான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அறுபதாம் கல்யாணத்தில் தம்பதி தலையில் ஊற்றும் கலச நீரை, செட்டியாரின் பாட்டனார் பெயர் வெட்டிய பித்தளைத் தவலையில் சேர்த்துத்தான் ஊற்றுவார்கள். செட்டியாரின் அப்பாவுக்கும் அதிலிருந்துதான் ஊற்றினார்கள். தவலை எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. அதைப் பாத்திர அறையிலிருந்து எடுத்துப் புளி போட்டு விளக்கி வைக்கும்படி செட்டியாரின் மனைவி சாலா ஆச்சி முன்கூட்டியே அக்காவிடம் போனில் சொல்லியிருந்தார். அக்காவும் விளக்கித் துடைத்து வளவு முற்றத்தில் காயப்போட்டு, அப்புறம் கணவரிடம் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள்.

காலையில் தவலையைக் காணோம். ஐயர் உட்கார்ந்தாயிற்று, கும்பங்கள் வைத்தாயிற்று. அக்கா அறை அறையாக ஓடினாள். "உள்ள வச்சேனே புள்ள, நீதான் எடத்த மாத்திட்டியோ?" என்று மச்சானும் டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே தேடினார். பங்காளி வீட்டுப் பெண்கள் காதோடு காது பேசினார்கள். ஒருத்தி அக்கா காதில் விழும்படியே சொன்னாள்.

"இதுகளையெல்லாமா நம்பி வீட்ட விடுறது? இந்நேரம் எடைக்குப் போயிருக்கும்."

அக்கா சாமி வீட்டு விளக்கைத் தொட்டு, "நான் எடுக்கல ஆச்சி" என்று சத்தியம் பண்ணினாள். அடிப்பாவி மகளே, நீ எதற்கடி சத்தியம் பண்ண வேண்டும்! மச்சான் தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில் ஒரு எவர்சில்வர் அண்டாவிலிருந்து தம்பதிக்கு நீர் ஊற்றினார்கள். சாலா ஆச்சி யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த மனுஷன் அதோடு சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே! மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வெற்றிலையை மென்றுகொண்டு, "எங்குட்டும் கெடைக்காத சாமானு, நானே மூளையப் போட்டுச் சரிபண்ணேன், வந்து பாருங்க" என்று கூட்டத்தையே பம்பு அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். செட்டியார் போனார், ஆச்சி போனார், அக்காவையும் இழுத்துக்கொண்டு நான் போனேன். பனி, இரும்பு, பிளவு என்று நான் சொன்னதையெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல அளந்தார். செட்டியாரின் பேத்தி அக்ஷரா சின்னப் பெண். சுவருக்கும் பம்புக்கும் நடுவில் நுழைந்து பட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"தாத்தா, இதுல உங்க பேர் எழுதியிருக்கு. பழ. உடையப்பன்."

அந்த வீட்டில் பாட்டன் பெயர்தான் பேரனுக்கு. செட்டியார் குனிந்து பார்த்தார். பாட்டனார் பெயர் வெட்டிய தவலைத் தகட்டைத்தான் குடுவையில் சுற்றிப் போல்ட் போட்டு முறுக்கியிருந்தது. தவலையின் மிச்சம், கழுத்தும் அடியும், மூலையில் ஒரு சாக்குக்குள் இருந்தது.

"ஆயிரம் பாத்திரம் சும்மா கெடக்கே, ஒண்ணு போனா என்னான்னு..." என்று மச்சான் இழுத்தார். "இந்த வளைவு வேற எதுலயும் அமையலைங்கய்யா."

செட்டியார் சாக்கிலிருந்து தவலையின் கழுத்தைக் கையில் எடுத்தார். ஆச்சிதான் பேசினார்.

"தவலை போனது போகட்டும். அவ வெளக்கத் தொட்டுச் சத்தியம் பண்ணப்ப நீ எங்கப்பா நின்ன?"

மச்சான் குனிந்து பட்டையைத் துடைத்தார். ஆச்சி அக்கா பக்கம் திரும்பினார்.

"புஷ்பம், ஒன்னையச் சந்தேகப்பட்ட வாயெல்லாம் இங்கினதான் நிக்குது. என்னையும் சேத்துத்தான். வீடு ஒனக்கு. நீ எங்கயும் போக வேணாம். இந்த ஆளு மட்டும் இங்க வேணாம்."

இந்தக் கூட்டத்தில் இப்படி ஒரு சொல் கேட்டால் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பான் மனுஷன். மச்சான் அக்காவைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

"நீயே சொல்லு புள்ள. ஒரு சொட்டு ஒழுகுச்சா?"

அக்கா பம்பைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"இல்ல. ஒரு சொட்டுகூட ஒழுகல."

அவ்வளவுதான், ஓட்டு வீட்டுக்குள் போனாள். அழப் போகிறாள் என்று நானும் பின்னால் போனேன். அவள் கொடியில் கிடந்த அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். பேனாவையும் மறக்காமல் வைத்தாள். பையைக் கொண்டுவந்து அவருடைய வண்டியில் மாட்டினாள்.

"போங்க" என்றாள்.

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.