நான் பேங்க்குக்குப் போகிறேன் என்று ஊர் முடிவு செய்த வருடம்

திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. அதை ஒட்டி டீக்கடை, அதற்கு அடுத்து சலூன். நான் எந்த அணிக்கு ஆட வேண்டும் என்பதை அந்த மூன்று கடைகளும் சேர்ந்துதான் தீர்மானித்தன. என்னைக் கேட்டதே இல்லை. அதே பெஞ்சில் உட்கார்ந்து நான் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வேலை என்றால் கேஷுவல். சில மாதத்துக்கு ஒருமுறை பெயரை எடுத்துவிட்டு, ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்து, மறுபடி புதிதாகச் சேர்ப்பார்கள். அப்படிச் செய்தால் நான் என்றைக்கும் புது ஆள்தான். நிரந்தர வேலை கேட்க எனக்கு வாய் இருக்காது. கம்பெனிக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. அதில் ஆடியதால் மற்ற கேஷுவல்களைவிட எனக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது, அவ்வளவுதான்.

மிட்ஃபீல்டர் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. டிவியில் உலகக் கோப்பை பார்த்துவிட்டுச் சலூன்காரர்தான் அதை முதலில் சொன்னார், அதுவும் கோல்கீப்பரைக் காட்டி. எங்களுக்கு அது 'ஆஃப்', அதாவது ஹாஃப் பேக். பின்னால் இருப்பவனிடம் வாங்கி முன்னால் இருப்பவனுக்குக் கொடுக்கிற வேலை. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆஃப் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போவான். அப்படி இருந்தும் சைக்கிள் கடை அண்ணாத்தேவுக்கு நான்தான் உயிர். நான் ஆடும் நாளில் பஞ்சர் ஒட்ட வந்தவனையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். சைக்கிள் கடையிலேயே கிடக்கும்.

வதந்தியைக் கொண்டு வந்தவர் பாரிமுனையில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். தினமும் மாலை ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகும் முன் டீக்கடையில் நிற்பார். பட்டணத்துச் செய்திக்கு எங்களுக்கு அவர்தான் ஆதாரம். அன்றைக்கு ரயிலிலிருந்து இறங்கும்போதே கை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"உங்க ஆஃப் உங்களுக்கு டாட்டா காட்டப் போறான் தெரிமா? பேங்க் டீமு கோச்சோட கரும்பு ஜூஸ் குடிச்சிகினு நின்னான். நான் கண்ணால பாத்தேன்."

"ஜூஸ் குடிச்சா டீம் மாறிட்டான்னு அர்த்தமா? நீகூடத்தான் என் கடையில டீ குடிக்கிற, உன்ன நான் சேத்துக்கினேனா?" என்றார் டீக்கடைக்காரர்.

"பேங்க்கெல்லாம் இல்ல மாமே, கல்கத்தா" என்று சலூனுக்குள்ளிருந்து குரல் வந்தது. யாரோ ஒருவரின் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையை அப்படியே விட்டுவிட்டு சலூன்காரர் வெளியே வந்தார். "போன வாரம் முடி வெட்ட வந்தவன் கம்மியா வெட்டச் சொன்னான். அங்க குளிரும்ல."

"அடத் தூ! குளிருக்கு ஒருத்தன் முடி வளப்பானா?" அண்ணாத்தே கையில் ஸ்பேனரோடு எழுந்தார். "அவன் எங்கயும் போவல. போனா இங்க ஆஃப்ல யார் நிப்பா? நீ நிப்பியா?"

நான் அந்தப் பெஞ்சின் ஓரத்தில்தான் இருந்தேன். "அப்படி ஒண்ணும் இல்ல அண்ணாத்தே" என்றேன்.

"நீ கம்முனு கெட நைனா. உனக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அவர் குமாஸ்தா பக்கம் திரும்பி மறுபடி ஆரம்பித்தார்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பேங்க் அணியின் கோச் உண்மையிலேயே என்னைக் கூப்பிட்டிருந்தார். அவர்களுடைய ஆஃப் முழங்காலை உடைத்துக்கொண்டு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஒரு ஆள் வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. முதல் நாளிலிருந்தே நிரந்தரம். என் அப்பா, எஸ்டேட் வருவதற்கு முன் அந்த நிலத்திலேயே கூலிக்கு ஏர் ஓட்டியவர். எங்கள் வீட்டில் நிரந்தரம் என்ற சொல்லை வேறு யாரைப் பற்றியாவது பேசும்போதுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நான் ஆடும் கம்பெனி விட்டுக்கொடுத்தால்தான் இன்னொரு அணிக்கு ஆட முடியும். சீசன் முடிந்ததும் மேனேஜரிடம் போய், எங்கள் ஏரியா கிளப்புக்கு ஆடப் போகிறேன் என்று சொன்னால் அவர் யோசிக்காமல் விட்டுவிடுவார். எத்தனையோ பேரை அப்படித்தான் விட்டார். பேங்க் என்று தெரிந்தால் விடமாட்டார். பேங்க் அணியிடம் நாங்கள் வருஷா வருஷம் தோற்றுக்கொண்டிருந்தோம். "தம்பி, அது வரைக்கும் வாயைத் திறக்காத. பெத்தவங்ககிட்டகூட சொல்லாத" என்றார் கோச். சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மறுக்க மறுக்க அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துகொண்டே வந்தது. புது ஷூ வாங்கினேன். அது ஒரு சாட்சியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாங்காடு கோயிலுக்குப் போய் வந்தேன், நேர்த்திக்கடன் என்றார்கள். "ஒண்ணுமில்லன்னு எவன் சொல்வான்? ஏதோ கீறவன்தான் சொல்வான்" என்று கடைசியில் அண்ணாத்தேவும் ஒப்புக்கொண்டார். அன்று அவர் முகம் தொங்கிப் போனது. அதற்குப் பிறகு வாதம் நான் போவேனா மாட்டேனா என்பதிலிருந்து, எப்படி அனுப்புவது என்பதற்கு மாறிவிட்டது. அது அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சவுதிக்குப் போகிறவனையோ மிலிட்டரிக்குப் போகிறவனையோ சும்மா அனுப்ப மாட்டார்கள். மாலை போட்டு, மேளம் அடித்து, சரவெடி வைத்து, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் ரயில் ஏற்றுவார்கள். அப்படி அனுப்பாவிட்டால் நாளைக்கு அவன் வந்து கேட்பான் என்று பயம். நான் போகப்போவதோ இந்த ரயிலில் கொஞ்ச தூரம். இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான்.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் அம்பத்தூர் ஏரிப் பக்கத்து மைதானத்தில் நடந்தது. எஸ்டேட் கம்பெனிகளுக்குள் நடக்கிற போட்டி. நாங்கள் ஜெயித்தோம். கோப்பை கொடுக்க எங்கள் மேனேஜரே மேடையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இன்னும் இரண்டு கம்பெனிக்காரர்கள். நான் ஜெர்சியைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தேன். அப்போது கேட் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது.

முன்னால் அண்ணாத்தே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவரை நான் அதுவரை கிரீஸ் கறை இல்லாமல் பார்த்ததில்லை. சலூன்காரர் கையில் ஆள் உயர ரோஜா மாலை. டீக்கடைக்காரரும் குமாஸ்தாவும் துணி பேனரின் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருந்தார்கள். பேனரில் என்ன எழுதியிருந்தது என்று படிப்பதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. அண்ணாத்தே மைக் செட்காரனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். கடையில் அப்படிப் பேசுகிற மனிதர் மைக் கையில் வந்ததும் மேடைத் தமிழுக்கு மாறிவிட்டார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! பேங்க் அணியின் அழைப்பை ஏற்று நம்மிடமிருந்து பிரியாவிடை பெறும் நமது அருமைச் சகோதரர், ஆஃப் என்றால் இவர்தான் ஆஃப்..."

மைதானம் முழுக்க மைக்கில் அவர் அழுவது கேட்டது. கூட்டம் கை தட்டியது. சரவெடி வெடித்தது. நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்தேன். மேனேஜர் பேனரை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் கை தட்டினார். கோப்பையை என் கையில் கொடுக்கும்போது தோளைத் தட்டி, "நாளைக்கு ஆபீஸ் ரூமுக்கு வாப்பா" என்றார்.

மறுநாள் அவர் கோபப்படவே இல்லை. உட்காரச் சொன்னார். அதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பிட்ட. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. அடுத்த வருஷம் பேங்க் டீம்ல நீ நின்னு எங்களுக்கு எதிரா ஆடுவ, நான் சேர் போட்டுப் பாத்துகிட்டு இருக்கணுமா? விட முடியாதுப்பா."

"சார், வேலை சார். பர்மனென்ட் சார்."

"இங்கயும் பாக்கலாம். பொறுமையா இரு" என்றார். அந்தப் 'பாக்கலாம்' எப்படிப்பட்டது என்று கேஷுவலாக இருந்த எவனுக்கும் தெரியும். கெஞ்சினேன். காலில் விழக்கூடத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

பேங்க் கோச் சில நாள் காத்திருந்தார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "உனக்காக ஒரு சீசனைக் காலி பண்ண முடியாது தம்பி. வாயைத் திறக்காதன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே" என்றார். நான் திறக்கவில்லை சார் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த இடத்துக்குப் பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒருவனை எடுத்தார்கள். நல்ல ஆட்டக்காரன். இடது கால் மட்டும் கொஞ்சம் சுமார்.

சில வாரம் நான் கேட்டுப் பக்கமே போகவில்லை. வேலைக்குக்கூட அடுத்த ஸ்டேஷன் வரை நடந்துபோய் ரயில் ஏறினேன். அந்த மூன்று கடைகளையும் கொளுத்திவிடலாம் என்று இருந்தது. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு அதே கம்பெனி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எல்லைக்கோட்டுக்கு வெளியே அவர்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணாத்தே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்தார்.

"போவலடா! எங்கள உட்டுட்டுப் போவ மனசு வர்ல பாத்தியா! நமக்கோசரம் பேங்க்கையே தூக்கிப் போட்டுட்டான்டா!"

ரெஃப்ரி விசில் ஊதுகிறார். நான்கு பேர் என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். என் வாழ்க்கையில் ஒரு ஆஃபைத் தோளில் தூக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் ஆட்டம் தொடங்குவதற்கு முன். மேலே உட்கார்ந்து கீழே பார்த்தேன். அண்ணாத்தே என் காலைப் பிடித்துக்கொண்டு அழுது சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே கொதித்துக்கொண்டிருந்ததையெல்லாம் கொட்டத்தான் அன்று போயிருந்தேன்.

அப்புறம் அதுவே கதையாகிவிட்டது. அந்த டீக்கடையில் புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்வார்கள். வருஷங்கள் போகப் போக பேங்க் ஒன்று மூன்றாயிற்று. சலூன்காரர் கல்கத்தாவையும் உள்ளே சேர்த்துவிட்டார். அந்தக் கதையால் எனக்கு ஓசி டீயும் ஓசி கட்டிங்கும் கிடைத்தன. திருமணத்துக்குப் பெண் கொடுக்கும்போது மாமனார் வீட்டிலும் அந்தக் கதையைத்தான் கேட்டார்கள். வேலை பர்மனென்ட்டா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அப்பா போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பையன் நிரந்தரமாக ஒரு இடத்தில் உட்கார்ந்ததை அவர் பார்க்கவில்லை. பேங்க்கில் சேர்ந்த அந்தப் பெரம்பூர்க்காரனை ஒருமுறை ரயிலில் பார்த்தேன். ஆட்டத்தை விட்டுவிட்டு கவுன்டரில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். தொப்பை போட்டிருந்தான். அந்தத் தொப்பை எனக்கு வர வேண்டியது என்று வயிறு எரிந்தது. யாரிடம் சண்டை போடுவது? கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர்கள் வைத்த பாசத்துக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி அணியைக் கலைத்த பிறகு, தொண்ணூறுகளின் பாதியைத் தாண்டிய ஒரு மத்தியானம் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனேன். கடையில் அண்ணாத்தே தனியாக இருந்தார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் தூக்காமலே கேட்டார்.

"ஏன் நைனா, அன்னிக்கு உங்க மேனேஜரு ஸ்டேஜில இருந்தாரு இல்ல?"

"ஆமா அண்ணாத்தே."

குமிழி வந்த இடத்தைக் கட்டை விரலால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தேய்க்க உப்புத்தாளை எடுக்கவில்லை.

"மைக்கு ரொம்ப சத்தமா வெச்சிட்டமா?"

இத்தனை வருஷமும் நான் மனதுக்குள் பேசிப் பேசி வைத்திருந்த பேச்சு முழுதும் அப்போது நாக்கு நுனியில் இருந்தது. அவர் தலைமுடி முக்கால்வாசி நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"இல்ல அண்ணாத்தே. வெடிச் சத்தத்துல எனக்கே ஒண்ணும் கேக்கல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு டியூபைத் துடைத்து, தேய்த்து, ஒட்டுப் போட்டு, காற்றடித்துக் கொடுத்தார். அந்த வாரம்தான் கம்பெனியில் என் பெயரை எடுத்துவிட்டு மறுபடி புது ஆளாகச் சேர்த்திருந்தார்கள். இரண்டாவது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு எஸ்டேட்டுக்குக் கிளம்பினேன்.