எழுபத்து நான்காவது உறை

ஆரோக்கியம்மாளுக்கு வந்த கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டு வாசலில் நின்றுகொண்டு, வீட்டுக்காரியை எதிரில் வைத்துக்கொண்டே, "இந்த வீட்ல ஒரு ஓட்டுதான்" என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

சொன்னவர் பொன்னுரங்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அவர்கள் தெருவுக்கு ஒரு கட்சியின் பொறுப்பாளர். மக்களவைத் தேர்தலுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. வாக்காளர் பட்டியலும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பட்டியலில் ராபர்ட் பெயருக்கு எதிரே டிக் அடித்திருந்தது. ராபர்ட்டின் மனைவி ஆரோக்கியம்மாள் பெயர்மேல் பென்சிலால் ஒரு கோடு.

"ஏன், எனக்கு ஓட்டு இல்லியா?" என்றாள்.

"இருக்குதுக்கா. ஆனா நீங்கதான் எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போயிடுவீங்களே. எங்க போடப்போறீங்க? உங்கள நாங்க கணக்குலயே சேக்கறதில்ல."

நோட்டீஸைக்கூட ராபர்ட் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். ராபர்ட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊருக்கே மை வெக்கிற, உன் ஓட்டு மட்டும் போண்டி" என்றார். இருபது வருடமாக அவருக்கு இந்த ஒரே நகைச்சுவைதான். ஆரோக்கியம்மாள் உள்ளே போய்க் குக்கரை அடுப்பில் வைத்த சத்தம் தெருமுனைவரை கேட்டது.

பொன்னுரங்கம் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அவளுக்கு ஐம்பது வயது. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இருபத்திரண்டு வருட வேலை. தினமும் காலை ஏழு நாற்பது பஸ்ஸில் கடலூரில் ஏறினால், ஆலப்பாக்கம் வரும்வரை நின்றபடி, அதற்கப்புறம் அதிர்ஷ்டம் இருந்தால் உட்கார்ந்தபடி. தேர்தல் என்று அறிவிப்பு வந்தால் போதும், அந்தப் பிரிவில் முதல் உத்தரவு அவள் மேசைக்குத்தான் வரும். மக்களவை, சட்டமன்றம் என்று ஏழு தேர்தல் பார்த்துவிட்டாள். பெரும்பாலும் விரலில் மை வைக்கிற வேலை. பிச்சாவரம் பக்கத்து மீனவர் கிராமங்களில் அவள் மை வைத்த விரல்களுக்குக் கணக்கில்லை. உப்புத்தண்ணீரிலேயே ஊறிய விரல்களில் மை சரியாகப் பிடிக்காது. துணியால் துடைத்து, நகத்தோடு சேர்த்து இரண்டு தடவை இழுக்க வேண்டும். அந்த நுணுக்கமெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்த ஏழு தேர்தலிலும் அவள் விரலில்தான் ஒரு தடவைகூட மை ஏறவில்லை. அவள் ஓட்டு கடலூர்த் தொகுதியில், வேலை சிதம்பரம் தொகுதியில். அப்படிப்பட்டவர்களுக்குத் தபால் ஓட்டு ஒன்றுதான் வழி. அந்த வழியில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை விண்ணப்பத்தில் பாகம் எண் தவறு என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் எழுதியது சரிதான், நடுவில் பட்டியலைப் பிரித்துப் பாகத்தையே மாற்றியிருந்தார்கள். இன்னொரு தடவை வாக்குச்சீட்டு வந்தது, வராமல் இல்லை. ஓட்டு எண்ணி முடித்து, ஜெயித்தவர் மாலையும் கழுத்துமாக ஊர்வலம் போய், பதினோரு நாள் கழித்து வந்தது. "என்னம்மா, முக்கியமான தபாலா?" என்று தபால்காரர் வேறு கேட்டார். சீட்டு ஒழுங்காகக் கையில் கிடைத்த வருடம், ஓட்டுப் போடுவது தான்தான் என்று எழுதிக்கொடுக்கும் உறுதிமொழித் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி ஊரில் இல்லை. எங்கே என்று விசாரித்தால், தேர்தல் வேலைக்குப் போயிருக்கிறாராம்!

"இந்த வாட்டி போட்டே தீருவேன்" என்று பொன்னுரங்கம் வந்துபோன அன்று சொன்னாள். யாருக்குப் போடப்போகிறாள் என்பதை ராபர்ட்டிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் முடிவு செய்துவிட்டாள்.

இப்போது தபாலை நம்ப வேண்டியதில்லை. பயிற்சி வகுப்பு நடக்கும் இடத்திலேயே தபால் ஓட்டுக்குத் தனி அறை போட்டிருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பத்து மணிக்கு வரிசையில் நின்றாள். பன்னிரண்டு மணிக்கு அவள் முறை வந்தபோது, "உங்க பேரு இந்த லிஸ்ட்ல இல்லியேம்மா" என்றார் மேசையில் இருந்தவர்.

"நல்லாப் பாருங்க சார். ஃபார்ம் குடுத்த ரசீது என்கிட்ட இருக்குது."

"ரசீது இருக்கும்மா. லிஸ்ட்ல இல்ல. மாடில கேளுங்க."

மாடியில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும், "கீழதான் கேக்கணும்" என்றார். கீழே வந்தால், "மேல எழுதி வாங்கிட்டு வாங்க." ஆரோக்கியம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதால் வேலை நடக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டு, "நான் எந்தப் பக்கமும் போறதா இல்ல. ரெண்டு பேரும் இங்க வந்து பேசிக்குங்க" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் கடலூர்த் தொகுதிக்காரர்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று இருப்பதே தெரியவந்தது. அது இத்தனை நேரமும் முதல் மேசையின் இழுப்பறைக்குள் இருந்தது.

மணி ஐந்தேகால். அறையை மூடப்போகிறோம் என்று அவசரப்படுத்தினார்கள். வாக்குச்சீட்டு, உறுதிமொழித் தாள், ஒரு சிறிய உறை, ஒரு பெரிய உறை, எப்படிச் செய்ய வேண்டும் என்று அச்சிட்ட காகிதம் ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்துக் கையில் திணித்தார்கள். அங்கிருந்த அதிகாரி உறுதிமொழித் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அச்சிட்ட காகிதத்தை ஆரோக்கியம்மாள் பார்க்கவே இல்லை. உறை ஒட்டுவதற்கு அவளுக்கு யார் பாடம் எடுப்பது? இருபத்திரண்டு வருடமாக அவள் பிழைப்பே உறைகள்தான். தேர்வு மையங்களிலிருந்து வரும் விடைத்தாள் கட்டுகளை அவள்தான் சரிபார்ப்பாள். கையெழுத்திட்ட சான்றுத்தாளை விடைத்தாளோடு உள் உறையில் வைத்து ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவள் பிரிவின் வழக்கம். யாராவது வெளி உறையில் போட்டு அனுப்பினால் போனிலேயே கிழித்துவிடுவாள்.

மறைப்புக்குப் பின்னால் போய், மனதில் இருந்த பெயருக்கு எதிரே அழுத்தமாகக் குறியிட்டாள். சீட்டை மடித்தாள். கையெழுத்திட்ட தாளை அதன்மேல் வைத்தாள். இரண்டையும் சிறிய உறைக்குள் செருகி ஒட்டி, நான்கு ஓரத்தையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். அதைப் பெரிய உறையில் போட்டு ஒட்டினாள். சீட்டின் எண்ணைச் சிறிய உறைமேல் எழுதும்போதே மனதில் பதிந்துவிட்டது. கடைசி மூன்று இலக்கம் நானூற்றுப் பதினேழு. எண்ணைப் பார்த்தால் மறக்காத வியாதி தேர்வுப் பிரிவில் எல்லோருக்கும் உண்டு.

பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் கேட்டபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. சாயங்கால பஸ்ஸில் கடலூர்வரை நின்றுகொண்டேதான் வந்தாள், கால் வலிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், "போட்டாச்சுங்க" என்றாள். ராபர்ட் அவள் விரலைப் பார்த்தார். "தபால் ஓட்டுக்கு மை இல்லீங்க" என்று விளக்கியும் அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருக்கத்தான் செய்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரலில் ஓட்டுப்பதிவு முடிந்தது. ஜூன் மாதம் ஓட்டு எண்ணுவதற்கும் உத்தரவு வந்தது. கடலூரிலேயே ஒரு கல்லூரியில். ஓட்டு இயந்திர மேசைக்குத்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள். விடிந்து போய் நின்றால், தபால் ஓட்டு மேசைக்கு வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம், அவளை அங்கே தூக்கிப் போட்டார்கள். மேசைக்குப் பொறுப்பு உதவித் தேர்தல் அலுவலர் திருநாவுக்கரசு, நிதானமான மனிதர். ஐந்து நிமிடத்தில் விதியைச் சொல்லிக்கொடுத்தார்.

"பெரிய கவரப் பிரிச்சா ரெண்டு இருக்கணும்மா. உறுதிமொழித் தாள் தனியா, ஓட்டு வெச்சு ஒட்டுன சின்ன கவர் தனியா. தாள் இல்லன்னா சின்ன கவரத் தொடவே கூடாது. மேல தள்ளுபடின்னு எழுதி அப்படியே வெச்சிடுங்க."

"சரிங்க சார்" என்றாள் ஆரோக்கியம்மாள். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. கை தன் பழக்கத்தில் செய்கிற வேலையை மனது எங்கே நினைவு வைத்துக்கொள்கிறது?

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கட்சிகளின் ஏஜெண்டுகள். முன்வரிசையில் நம் பொன்னுரங்கம். "அக்கா, நீங்களா?" என்று கையைத் தூக்கிக் காட்டினார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பக்கத்து உதவியாளர் பெரிய உறையைக் கத்தரித்து உள்ளே இருப்பதை இவள் பக்கம் தள்ளுவார். இவள் பார்த்துப் பிரித்து வைப்பாள். பத்துக்கு ஒன்றாவது தள்ளுபடி. போட்டவர்களெல்லாம் வாத்தியார்கள், போலீஸ்காரர்கள், தாலுகா ஆபீஸ் ஆட்கள். ஒருவர் உறையை ஒட்டவே இல்லை. ஒருவர் கையெழுத்தே போடவில்லை. நிறையப் பேர் உறுதிமொழித் தாளைச் சின்ன உறைக்குள்ளேயே வைத்து ஒட்டித் தொலைத்திருந்தார்கள். "ஊருக்கெல்லாம் பாடம் நடத்தறாங்க, ஒரு கவர் ஒட்டத் தெரியல" என்று அவளே பக்கத்து உதவியாளரிடம் சொல்லிச் சிரித்தாள்.

பொன்னுரங்கம் வலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அரசு ஊழியர் ஓட்டெல்லாம் தன் கட்சிக்குத்தான் என்பது அவர் நம்பிக்கை.

"அக்கா, அந்தத் தாளு உள்ளதான் இருக்குது. வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, தெரியுது. பிரிச்சிட்டாப் போச்சு, எதுக்கு ஒரு ஓட்ட வீணாக்கறீங்க?"

"ரூல்னா ரூல்தான். ஒழுங்கா ஒட்டத் தெரியாதவங்களுக்கு நான் என்ன பண்றது? உக்காருங்க" என்றாள் ஆரோக்கியம்மாள். அவர் முகம் சுருங்கி உட்கார்ந்ததைப் பார்க்க, பென்சில் கோட்டுக்குக் கொஞ்சமாவது பதில் சொன்னதுபோல் இருந்தது அவளுக்கு.

பதினொரு மணி இருக்கும். ஒரு சிறிய உறை வந்தது. தாள் இல்லை. ஆனால் ஒட்டியிருந்த அழகு! நான்கு ஓரமும் நகத்தால் தேய்த்து, ஒரு சுருக்கம் இல்லை. யாரோ நம்மைப்போல வேலை தெரிந்த ஆள் என்று ஒரு கணம் மெச்சிக்கொண்டாள். அப்புறம்தான் எண்ணைப் பார்த்தாள்.

நானூற்றுப் பதினேழு.

முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். எண் மாறவில்லை. ஏழுக்கு நடுவே சின்னக் கோடு போடுகிற அவள் கையெழுத்தேதான். விரலால் உறையைத் தடவினாள். உள்ளே தாள் மடிப்பு தெளிவாகத் தட்டுப்பட்டது. அப்போதுதான் அந்த மறைப்பும், சீட்டின்மேல் தாளை வைத்த தன் கையும் கண்முன் வந்தன. ஏழு தேர்தல். அந்தப் படிக்கட்டில் நின்று போட்ட சண்டை. எவன் கெடுத்தான் என்று திட்டவும் இந்தத் தடவை யாரும் இல்லை.

"சார்" என்றாள். "இதுல தாளு உள்ளதான் இருக்குது சார். தடவுனாலே தெரியுது. இத மட்டும்..."

திருநாவுக்கரசு நிமிர்ந்து பார்த்தார். "நீங்களாம்மா? காலையில இருந்து நீங்கதான் எல்லாருக்கும் ரூல் சொல்றீங்க."

இது என்னுடையது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் மட்டும்? விதி மாறாது. வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு காதுகள் தீட்டிக்கொண்டு நின்றன.

"என்னக்கா, இதுவும் உள்ள வெச்சு ஒட்டிட்டானா?" என்று பொன்னுரங்கம் உரக்கச் சிரித்தார். "எந்தப் புண்ணியவானோ! படிச்சவன் ஓட்டுப் போட்ற லட்சணத்தப் பாரு."

ஆரோக்கியம்மாள் உறையை மேசைமேல் வைத்தாள். பேனாவை எடுத்து உறையின் மேல் 'தள்ளுபடி' என்று எழுதினாள். எழுதிய பிறகும் அதை மற்றவற்றோடு சேர்க்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

சுற்று முடிந்தது. திருநாவுக்கரசு தள்ளுபடிக் கட்டை இழுத்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். ஏஜெண்டுகள் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார்கள்.

"எழுபத்தி மூணு. குறிச்சிக்குங்க."

"எழுபத்தி நாலு சார்" என்றாள் ஆரோக்கியம்மாள். கையிலிருந்ததைக் கட்டின்மேல் வைத்தாள். "இதையும் கணக்குல சேத்துக்குங்க."