நான் சுருக்கிச் சொன்னவை

ஒன்பது வயதிலிருந்து அப்பாவுக்கு நான்தான் வாய். வைத்தியரிடம், பள்ளிக்கூடத்தில், அலுவலகங்களில் அவர் தமிழில் சொல்வார், நான் நோர்வேஜிய மொழியில் சொல்வேன். முப்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. அப்பா முழங்கால் வலியைச் சொல்வதென்றாலும், இளவயதில் சைக்கிளால் விழுந்த கதையில்தான் தொடங்குவார். வைத்தியர் மணிக்கூட்டைப் பார்ப்பார். அதனால் நான் சுருக்கப் பழகினேன். அதில் என்னை நானே கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டதும் உண்டு.

போன கோடையில் என் மகளின் நச்சரிப்புத் தாங்காமல் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மூவருமாக ஒரு திறந்தவெளிக் காட்சியகத்துக்குப் போனோம். நாட்டின் பல பக்கங்களிலும் இருந்த பழைய மரவீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மறுபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். கோடையில் அக்காலத்து உடுப்போடு ஆட்கள் அவற்றுள் சமைப்பார்கள், நூல் நூற்பார்கள், அங்கேயே வாழ்கிறவர்கள் போலக் கதைப்பார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்து எல்லிங்ஸ்ருட்டில் ரயிலேறி, பிறகு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்கு அலுத்துவிட்டது.

புல் முளைத்த கூரையொன்றை அண்ணாந்து பார்த்து, "ஆடு ஏறித் தின்னாதோ?" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு வீட்டுக்குள் தலைத்துணி கட்டிய பெண்ணொருத்தி தட்டையான ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி திறந்து கிடந்தது. நாளைக்கு அவளுடைய மகன் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறானாம், அவனுக்குத்தான் பெட்டி அடுக்குகிறாளாம். பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். அப்பாவைப் பார்த்ததும் கேள்வியை மாற்றினாள். நீங்களும் தூரத்திலிருந்து வந்தவர்தானே, என்ன கொண்டுவந்தீர்கள்?

நான் தமிழில் சொன்னேன். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"ஒரு பைல் கொண்டு வந்தனான். அவசரத்திலை உள்ளுக்கை பாக்கேல்லை. இஞ்சை வந்து திறந்தால், என்ர சேட்டிபிக்கேற்றோடை தம்பின்ரயும் இருக்கு. அவன் என்னிலும் பாக்க நல்லாய்ப் படிச்சவன். அந்த நேரம் ஊரிலை சண்டை, தபால் ஓடேல்லை. பிறகு ஒராளிட்டைக் குடுத்து அனுப்பேக்கை நாலு வருசம் போட்டுது. அது இல்லாமல் ஒரு வேலையும் கிடைக்காமல், அதுக்கிடையிலை அவன் ஒரு கடையிலை சாமான் நிறுக்கப் போயிட்டான். சாகுமட்டும் என்னை ஒரு சொல்லுச் சொல்லேல்லை." பெட்டியைப் பார்த்தபடியே, "சொல்லு பிள்ளை அவவுக்கு," என்றார்.

சித்தப்பா ஊரில் இறந்து இரண்டு வருடமாகிறது. படிப்பு ஏறாததால்தான் அவர் கடையில் நின்றார் என்று நான் நினைத்திருந்தேன். சின்ன வயதில் தொலைபேசியில் அதைச் சொல்லி அவரைப் பகிடி பண்ணியும் இருக்கிறேன்.

எங்களுக்குப் பின்னால் பிள்ளை வண்டில்களோடு வரிசை நீண்டுகொண்டிருந்தது. இவள் நடிக்கிறவள்தானே, இவளுக்கு எதற்கு எங்கள் வீட்டுக் கதை என்று பட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

"ஏதோ கடுதாசிகள் கொண்டுவந்தாராம்," என்றேன் நோர்வேஜிய மொழியில்.

கடுதாசிகள் முக்கியம்தான் என்று சிரித்துவிட்டு அவள் அடுத்த ஆளிடம் திரும்பினாள். அப்பா அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு என்னுடைய முகத்தை. அவ்வளவு நீளமாகத் தான் சொன்னது எப்படி ஒரு மூச்சில் முடிந்தது என்று யோசித்திருப்பார்.

"அம்மா, அம்மப்பா தம்பியாரைப் பற்றியெல்லோ சொன்னவர்? நீங்கள் அதைச் சொல்லேல்லையே," என்றாள் மகள்.

"பின்னாலை ஆக்கள் நிக்கினம். பிறகு கதைப்பம்."

"ஓம், ஆக்கள் நிக்கினம்," என்று அப்பாவும் சொன்னார். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் பின்னால் ஓடினேன். திரும்பிப் போய்ச் சொல்லுவோமா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. அவ வேலையா நிக்கிறா."

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா பேத்தியோடு இருந்தார். நான் பின்சீட்டில் இருந்து, இதற்கு முன் எதையெல்லாம் விட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒருமுறை, "இவருக்கு நித்திரை வருவதில்லை," என்று வைத்தியரிடம் சொல்லி மாத்திரை வாங்கி வந்தது ஞாபகம் வந்தது. ஏன் வருவதில்லை என்றும் அப்பா அன்றைக்குச் சொன்னவர். நீளமாகச் சொன்னவர். அது என்னவென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. பாதியிலேயே கேட்பதை நிறுத்தியிருப்பேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த கிழமை அப்பா தொலைபேசியில் எடுத்தார். வைத்தியரிடம் போகவேண்டும் என்றார். நான் லீவு போடுகிறேன் என்றேன்.

"இல்லைப் பிள்ளை, உனக்கும் வேலை. இந்தமுறை தொல்க் ஒராளைக் கேட்டுவிடு."

அரசாங்கச் செலவில் வரும் மொழிபெயர்ப்பாளரைத்தான் இங்கே தொல்க் என்பார்கள். முப்பது வருடத்தில் அப்பா அப்படியொருவரைக் கேட்டதே இல்லை. அவருடைய குரலில் கோபம் துளியும் இல்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வைத்தியரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, தொல்க் வேண்டும் என்றேன். வழமையாக மகள்தானே கூட வருவார் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். நான்தான் அந்த மகள் என்றேன். பிறகு அவள், அப்பா பேச எவ்வளவு நேரம் ஒதுக்கவேண்டும் என்று கேட்டாள்.

அவரை நான் ஒருநாளும் முடிக்க விட்டதில்லை.